சேலை விற்ற பந்தாட்டக்காரர்கள்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து துணிக்கடை பில் எழுதிப் பழகிய கையெழுத்து. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. பிழைகள் நிறைய இருக்கும். மலரை அச்சுக்குக் கொடுப்பவர்கள் எழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

தை மாதம் நம் ஊரில் நடக்கும் எழுவர் கால்பந்துப் போட்டிக்கு மலர் போடுகிறவன் என் அண்ணன் மகன் செல்வம். போன மாதம் போனில் கூப்பிட்டான்.

"சித்தப்பா, ரியல் எஸ்டேட்காரர் ஒருத்தர் டீம் வச்சிருக்காரு. கேரளாவுலேருந்து ஆள் இறக்குறாரு. கோப்பை வருஷா வருஷம் அவர் வீட்டுக்குத்தான் போவுது. இந்தத் தடவை, ஒரு டீம் இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு வரம்பு போடப் போறோம். ஃபாரின்ல எல்லாம் அப்படித்தானாமே? அங்க பணக்கார டீமெல்லாம் அடங்குதான்னு நீங்க எழுதுங்க."

எனக்குக் கூச்சம். சேலை வாங்க வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் வராது. எழுதுவதும் அப்படித்தான். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சொல்ல இருக்கிறது. அடங்குமா என்றால் அடங்காது. எங்கே வலிக்கும் என்று தெரிந்துகொண்டால் வலிக்க வைக்கலாம். போன வருஷத் தீபாவளிக்கு நான் அதைச் செய்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

2

நான் மலேசியாவுக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவு. வீடு கிள்ளானில். காலையில் கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுந்து இறங்கலாம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அதுவும் ஞாயிறு கிடையாது. ஞாயிறுதான் வியாபாரம்.

மனைவி சரசு கிள்ளானில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பேரில் எனக்கு விசா. அந்த விசாவில் வேலை செய்ய வேண்டுமென்றால், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் குடிநுழைவு அலுவலகத்தில் முதலாளியின் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். கடிதம் நாலே வரி. அந்த நாலு வரிக்கு நான் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். முதலாளி பார்க்காத மாதிரி இருப்பார். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, "என்ன மாணிக்கம், இன்னும் ஓடிப் போகலையா நீ?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கடிதத்தை அடுத்த வாரம் தருவார். அலுவலகத்தில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தேதி பழையதாகிவிட்டது, புதிதாக வாங்கி வா என்பார்கள். மறுபடியும் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன்.

கடையில் முதலாளி பெருமையாகச் சொல்லும் விதி ஒன்று உண்டு. தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் யாருக்கும் லீவு கிடையாது.

சில வருஷத்துக்கு முன்பு என் அப்பா இறந்த சேதி வந்தது அந்த மாதத்தில்தான். போய்ச் சொன்னேன். முதலாளி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அடடா. நல்ல மனுஷன்னு சொல்லுவியே. தீபாவளி முடிஞ்சதும் போயிட்டு வா மாணிக்கம், டிக்கெட் நான் போட்டுத் தரேன். இப்ப உன்னை விட்டா நாளைக்கு இன்னொருத்தன் வந்து நிப்பான். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அன்று சாயங்காலம் வரை சேலை விரித்துக் காட்டினேன். ஒரு அம்மா, "ஏன்ப்பா மூஞ்சிய இப்படி வச்சிருக்க, விக்க இஷ்டம் இல்லையா?" என்று கேட்டார். நான் ஊர் வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாளும் முடிந்திருந்தது. சம்பாத்தியத்துக்காக நான் அங்கேயே இருந்துவிட்டேன் என்று நம் ஊரில் சிலர் பேசியது எனக்குத் தெரியும். இந்த மலர் அவர்கள் வீட்டுக்கும் போகும். படிக்கட்டும்.

3

என் மகன் தினேஷ். தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறான். அவன் பேச்சில் பாதி இங்கிலீஷ், கொஞ்சம் மலாய், மிச்சம் இருந்தால் தமிழ், கடைசியில் இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா'. சாப்பிட்டாயா என்றால் "டன்" என்பான். எங்கே போகிறாய் என்றால் தோளைக் குலுக்குவான். வளர வளர எனக்கும் அவனுக்கும் நடுவில் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. பந்து பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறந்தான். அதனால் நான் பந்து பற்றிக் கேட்கக் கற்றுக்கொண்டேன். முதலில் தப்புத் தப்பாகக் கேட்டேன். "எத்தனை ரன்னு?" என்றுகூட ஒருமுறை கேட்டிருக்கிறேன். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான், கோபப்படவில்லை.

இங்கிலாந்துப் பெரிய கிளப்புகளின் கதையை அவன்தான் எனக்குச் சொன்னான்.

"கிளப் எவ்ளோ சம்பாதிக்குதோ அதுக்குத் தக்கத்தான் செலவு பண்ணலாம்ப்பா. அதான் ரூல்."

"அப்ப பணக்காரன் அடங்கிடுவானே?"

"எங்க அடங்குறது? ஓனரோட இன்னொரு கம்பெனி ஜெர்சியில பேரு போட்டு ஸ்பான்சர் குடுக்கும். அது கிளப் சம்பாதிச்ச காசுன்னு ஆயிரும். இந்தப் பாக்கெட்லேருந்து அந்தப் பாக்கெட்லா."

"கேக்க ஆள் இல்லையா?"

"கேப்பாங்க. பெரிய கிளப்னா லாயர் வருவான், கேஸ் வருஷக்கணக்குல இழுக்கும். சின்ன கிளப் ஒத்துக்கும். ஒத்துக்கிட்டவனுக்கு உடனே பாயின்ட் வெட்டு."

"அப்ப எதுக்கு அந்த ரூலு?"

கொஞ்சம் யோசித்தான். "கடன் வாங்கி ஆடி, மூடிப் போன கிளப்பு இருக்குப்பா. அந்த மாதிரி ஆளுங்களக் காப்பாத்தும். ஆனா மேல இருக்கவன் மேலயே இருப்பான். அவனுக்குத்தான் டிக்கெட்டு, டிவின்னு ஏற்கெனவே வருதே. கீழேருந்து ஏற நெனைக்கிறவன் காலத்தான் கட்டும்."

என் மகன் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. விதி என்றதும் எனக்கு என் முதலாளி முகம்தான் வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

4

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் ஆட்களின் குழுக்களுக்கென்று ஞாயிறு லீக் ஒன்று நடக்கிறது. செலாயாங், பூச்சோங், சுங்கை வே என்று ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் குழுக்கள் வரும். எங்கள் குடியிருப்புப் பையன்களின் குழுவில் தினேஷ் தற்காப்பு ஆட்டக்காரன். என் முதலாளிக்கும் ஒரு குழு இருக்கிறது. ஜெர்சியின் நெஞ்சில் கடைப் பெயர்.

லீக் கமிட்டி ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு குழு ஒரு பருவத்துக்கு இவ்வளவுக்கு மேல் செலவு செய்யக் கூடாது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. கூட்டத்தில் முதலில் கை தட்டியவர் என் முதலாளி என்று சொன்னார்கள்.

கை தட்டிய அடுத்த மாதம், மற்றக் குழுக்களின் நல்ல ஆட்டக்காரர்கள் நாலு பேர் எங்கள் கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தார்கள். என்னை விட அதிகச் சம்பளம். காலையில் வந்து கையெழுத்துப் போடுவார்கள், டீ குடிப்பார்கள், பயிற்சிக்குப் போய்விடுவார்கள். அது கடைச் செலவு, பந்துச் செலவு இல்லை. அவர்களில் கோல் போடுகிறவன் ரேமன், சுங்கை வே பையன். நல்ல பிள்ளை. "அண்ணே, இந்த சேலைய எப்படித்தான் மடிக்கிறீங்க, எனக்குக் கைலியே மடிக்க வராதுலா" என்பான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆடி மாதம் எங்கள் குடியிருப்பு மாரியம்மன் கோயிலில் ஒரு நாள் உபயத்தைப் பையன்களின் குடும்பங்கள் சேர்ந்து எடுத்தன. அரிசி ஒரு வீடு, காய்கறி ஒரு வீடு, பூமாலை ஒரு வீடு. சமையலுக்கு எல்லா வீட்டுப் பெண்களும் போனார்கள். பேனரில் உபயதாரர் பெயர் எழுத வேண்டும். அத்தனை குடும்பத்தின் பெயரையும் எழுத இடம் போதாது. "டீம் பேரப் போட்டுருங்க அங்கிள்" என்று பையன்கள் சொல்லிவிட்டார்கள். இந்தத் தப்பை நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

முதலாளியின் தம்பிதான் அவர்கள் குழுவுக்கு மேனேஜர். அவர் கோயிலுக்கு வந்தார். சாம்பாரும் பாயசமும் சாப்பிட்டார். பேனரைப் போட்டோ எடுத்துக் கமிட்டிக்கு அனுப்பினார். இவ்வளவு பெரிய அன்னதானம் செய்த குழு வரம்புக்குள் எப்படி இருக்க முடியும் என்று புகார்.

கமிட்டியில் கணக்குப் பார்ப்பவர் குணா. எல்லாரும் குணா சார் என்பார்கள். தினேஷும் மற்றப் பையன்களும் போய்ப் பேசினார்கள்.

"சார், அது சாமிக்குச் செஞ்சது. வீட்டுவீட்டுக்குப் போட்டது."

"தம்பி, சாமிக்குத்தான். எனக்கும் தெரியும், நானும் கும்புடுறவன்தான். ஆனா பேனர்ல உங்க டீம் பேர்லா இருக்கு. பேரு யாருதோ செலவும் அவங்களுதுதான். நான் வேற என்னா எழுத?"

புள்ளி வெட்டினார்கள். எங்கள் பையன்கள் பட்டியலில் கடைசிக்குப் போனார்கள். கடைசி இடத்துக்காரர்களுக்கு அடுத்த வருஷம் லீக்கில் இடமில்லை. மீதி இருந்தது ஒரே ஆட்டம், முதலாளியின் குழுவோடு. ஜெயித்தால் தப்பிக்கலாம். அவர்களுக்கும் அதை ஜெயித்தால்தான் கோப்பை. மழையில் திடல் குளமாகி அந்த ஆட்டம் தள்ளிப்போனது. கடைசியில் அது விழுந்தது தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில்.

புள்ளி வெட்டிய அன்று வீட்டில் தினேஷ் சாப்பிடவில்லை. சரசு காய் நறுக்கிய கையைப் பார்த்துக்கொண்டே, "நான் நறுக்குன கத்தரிக்காய்க்கா பாயின்ட் போச்சு?" என்று கேட்டாள்.

5

அந்த வருஷம் எனக்குச் சிவப்பு அடையாள அட்டை கிடைத்தது. நிரந்தரக் குடியிருப்பு. விண்ணப்பம் போட்டு, கூப்பிட்ட போதெல்லாம் போய் நின்று, போட்டோவில் தலைமுடி கறுப்பு, நேரில் நரையாக இருக்கிறதே என்று அதிகாரி கேட்கும் அளவுக்குக் காலம் ஓடிய பிறகு கிடைத்தது. இனி எனக்கு முதலாளியின் கடிதம் தேவையில்லை. கடையில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பையன்களும் கமிட்டிக்குப் புகார் கொடுத்திருந்தார்கள். அந்த நாலு பேரும் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள் என்று. உண்மையிலேயே கடையில் வேலை பார்க்கிறார்களா என்று பார்க்க, ஆட்டத்துக்கு முந்தைய வாரம் சனிக்கிழமை குணா சார் கடைக்கு வந்தார். தீபாவளிக் கூட்டம். நடக்க இடமில்லை. முதலாளி நாலு பேருக்கும் கடைச் சட்டை மாட்டி சேலைப் பிரிவில் நிறுத்தியிருந்தார்.

வழக்கமாக வரும் ஒரு கிள்ளான் அம்மா என்னைத் தேடி வந்தார். "மாணிக்கம், மகளுக்குப் பட்டு எடுக்கணும்." நான் ரேமனைக் காட்டினேன். "இவர்கிட்ட கேளுங்கம்மா. நம்ம புது சேல்ஸ்மேன்." குணா சார் பக்கத்தில்தான் நின்றார்.

"தம்பி, அந்த மாம்பழக் கலர் எடு."

"எந்த மாம்பழம் ஆன்டி? காயா, பழமா?"

"ஐயோ. சரி, அந்த பச்சை பார்டர எடு. பார்டர் சேத்து நெய்ஞ்சதா?"

ரேமன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேர்த்துவிட்டது. "ஒட்டுனதுன்னு நெனைக்கிறேன் ஆன்டி."

அந்தம்மா சேலையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கேருந்துப்பா புடிச்ச இந்தப் பிள்ளைய?" குணா சாருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மெதுவாக என்னிடம் சொன்னார், "எனக்குப் புரியுது அண்ணே. எழுதத்தான் ஒண்ணும் இல்ல. சம்பளச் சீட்டு இருக்கு, இபிஎஃப் கட்டியிருக்காங்க. தாள்ல பார்த்தா சேல்ஸ்மேன்தான்."

அதற்குள் முதலாளி வந்து என் தோளில் கை போட்டார். "சார், இவர்தான் சீனியர். இவர் சொல்லட்டும். மாணிக்கம், இவங்க நாலு பேரும் உன் கீழ வேலை பாக்குறவங்கதானே?"

என்னைக் கேட்டால் ஆமாம் என்பேன் என்று அவருக்குத் தெரியும். நானும் அப்படியே சொன்னேன்.

"ஆமா முதலாளி. நல்ல சேல்ஸ்மேனுங்க."

"கேட்டுக்குங்க சார்."

"அப்ப அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை இவங்களுக்கும் டூட்டி போட்டுடறேன் முதலாளி. தீபாவளி மாசம், லீவு இல்லையே."

நாலு பேர் கூடிய இடத்தில் வாய் வராதவன் நான். ஆனால் கூட்டத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. முதலாளியின் கை என் தோளிலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டார்.

"அது... ஞாயித்துக்கெழமை அவங்களுக்கு வேற..."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நீங்கதானே முதலாளி சொன்னீங்க. எங்கப்பா செத்தப்ப."

குணா சார் முதலாளியைப் பார்த்தார். "பாஸ், இவங்களுக்கு மட்டும் லீவு குடுத்தீங்கன்னா, அப்ப இவங்க பிளேயர்னு நான் எழுத வேண்டியதாயிரும். சம்பளமும் டீம் செலவுல ஏறிடும்."

முதலாளி சிரித்தார். கல்லாவில் நான் சிரித்த அதே சிரிப்பு. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"டூட்டிதான் சார். எல்லாருக்கும் டூட்டிதான்."

அன்று ராத்திரி எனக்குப் பிரமாதமாகத் தூக்கம் வந்தது.

6

பணக்காரர்களை நான் குறைவாக எடை போட்டுவிட்டேன். வியாழக்கிழமை முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார். தொழிலாளர்களின் உழைப்பைப் பாராட்டி, வரும் ஞாயிறு கடைக்கு விடுமுறை. சம்பளத்தோடு. எல்லாருக்கும்.

விதி எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. என் அப்பாவுக்காகத் திறக்காத கதவை ஒரு கோப்பைக்காகச் சாத்தினார்.

ஆனால் அது தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. பிரிக்பீல்ட்ஸில் தெரு முழுக்க ஜனம் நடக்கும் நாள். ஜவுளிக்கடைக்காரன் வருஷம் முழுக்கக் காத்திருக்கும் நாள். ரயிலுக்கு வேலையில்லாமல், நான் முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனேன். ஆமாம், என் மகன் பந்தாடி அதுவரை நான் பார்த்ததே இல்லை. என்னைக் கண்டதும் அவன் ஓடி வந்தான்.

"அப்பா, கடை?"

"சாத்தியாச்சு."

"யாரு சாத்துனா?"

"நான்தான்னு வச்சுக்கயேன்."

அவனுக்கு முந்தின வாரக் கதை தெரியும். மற்றப் பையன்களைப் பார்த்து மலாயில் ஏதோ கத்தினான். எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

முதல் பாதியில் எங்கள் பையன்கள் விடவில்லை. தினேஷ் ரேமனை அசைய விடவில்லை. இரண்டாம் பாதியில் ரேமன் இரண்டு கோல் போட்டான். அவ்வளவுதான். தோற்றோம். லீக்கை விட்டு வெளியே போனோம். முடிவு எப்படி இருந்திருந்தாலும் நான் மறைக்க மாட்டேன். விதி போட்டதால் பணக்காரக் குழுவுக்குக் கோப்பை கிடைத்தது, உபயம் செய்த குழு வெளியே போனது.

ஆனால் நான் ஆட்டத்தை விட அதிகமாகப் பார்த்தது முதலாளியைத்தான். அவர் குடையின் கீழ் நின்று போன் பேசிக்கொண்டே இருந்தார். வைத்தால் மறுபடி அடித்தது. வழக்கமாக வருகிறவர்கள், "கடை ஏன் சாத்தியிருக்கு?" என்று கேட்டிருப்பார்கள். ரேமன் முதல் கோல் போட்டபோது முதலாளி முதுகைத் திருப்பிக்கொண்டு, "நாளைக்கு வாங்கம்மா, நல்ல ஸ்டாக் இருக்கு, வேற கடைக்குப் போயிடாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கோலைப் பார்க்கவில்லை. கோப்பையை வாங்கும்போது அவர் கை கோப்பையில் இருந்தது, மனசு கல்லாவில் இருந்தது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கடைசி வரை பார்த்தேன். கண் எடுக்கவில்லை.

7

தீபாவளி முடிந்ததும் என்னைச் சேலைப் பிரிவிலிருந்து மாற்றி, மாடியில் பெட்டி பிரிக்கும் வேலைக்கு அனுப்பினார். விசாவுக்குக் கடிதம் கேட்டு நான் வருவேன் என்று காத்திருந்தார். நான் போகவில்லை. ஒரு நாள் அவரே கேட்டார், "என்ன மாணிக்கம், விசா எப்ப முடியுது?" சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டினேன். அடுத்த மாதம் எதிர்க் கடையில் சேர்ந்தேன். அந்தக் கிள்ளான் அம்மாவும் என்னோடு வந்துவிட்டார். இந்தத் தீபாவளிக்கு அவர் எடுத்த பட்டுச் சேலையைக் கதவுக்கு நேராக, பழைய கடையிலிருந்து பார்த்தால் தெரியும்படி விரித்துக் காட்டினேன். சின்னப் புத்திதான். இருக்கட்டும்.

செல்வத்துக்கு: வரம்பு போடுங்கள். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கொடுத்ததை யார் கணக்கிலும் ஏற்றாதீர்கள். ஒருவன் சம்பளம் வாங்குகிற வேலையைச் செய்கிறானா என்று, முதலாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில், கூட வேலை செய்கிறவனிடம் கேளுங்கள். தாளை மட்டும் பார்த்தால் எங்கள் குணா சார் மாதிரி சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

தினேஷும் பையன்களும் அடுத்த பருவத்துக்கு மறுபடி இடம் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். கிடைத்துவிடும் போலிருக்கிறது. முதலாளியும் சும்மா இருக்கவில்லை. ரேமனும் மற்ற மூன்று பேரும் இப்போது சேல்ஸ்மேன்கள் இல்லை. பூச்சோங்கில் இருக்கும் துணிக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர்களாம். அங்கே வாடிக்கையாளர் வர மாட்டார், தீபாவளிக் கூட்டம் கிடையாது, ஞாயிறு விடுமுறை. நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்.

ஆனால் அவர் விதி போடாமல் இருக்க மாட்டார். கிடங்குக்கும் ஏதாவது ஒன்று போட்டிருப்பார். அங்கே லோரி ஓட்டுகிறவர் எனக்குப் பழக்கம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கிள்ளான், 2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை.